நடந்து தீர்த்த போர்

1945-ல் ஏர்ல் ஷாஃபர் ஊர் திரும்பினார். வால்ட்டர் திரும்பவில்லை.

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் யார்க் என்றொரு நகரம். அதை ஒட்டிய ஷைலோ என்ற சிற்றூரில் அக்கம்பக்கத்துப் பையன்களாக வளர்ந்தவர்கள் ஏர்ல் ஷாஃபரும் வால்ட்டர் வைன்மில்லரும். காடு சுற்றுவதுதான் இருவருக்கும் பொழுது. அப்பலாச்சியன் மலைத்தொடரின் முதுகின் மேலேயே தெற்கிலிருந்து வடக்கு வரை ஓடும் நெடும்பாதையை, போர் முடிந்ததும் சேர்ந்து நடந்துவிடுவது என்று பேசி வைத்திருந்தார்கள். 1945 பிப்ரவரியில் பசிபிக் பெருங்கடலில் இவோ ஜிமா என்ற எரிமலைத் தீவின் கறுப்பு மணலில் அமெரிக்க மரீன் படை இறங்கியது. 36 நாள் சண்டை. அமெரிக்கத் தரப்பில் மாண்டவர்கள் ஏறத்தாழ 6,800 பேர். தீவைக் காத்து நின்ற ஜப்பானியர்கள் சுமார் 21,000 பேர். அவர்களில் உயிரோடு பிடிபட்டவர்கள் மிகச் சிலர். வால்ட்டர் அந்த 6,800 பேரில் ஒருவர்.

ஏர்ல் ஷாஃபர் அதே கடலின் வேறு தீவுகளில் இருந்தார். ராணுவத்தின் தகவல் தொடர்புப் பிரிவில் ரேடியோக்காரர். ஒரு தீவு கைக்கு வந்ததும் அங்கே போய் ரேடியோவையும் ராடாரையும் நிறுவுவது, அடுத்த தீவுக்கு நகர்வது. நாலரை ஆண்டுப் பட்டாள வாழ்க்கையில் பெரும்பகுதி இப்படியே போனது. இரவு நேரங்களில் கவிதை எழுதினார். மிகக் குறைவாகப் பேசும் மனிதர், பிறர் பேச்சைக் கொண்டுசேர்க்கும் கருவிகளோடு போரைக் கழித்திருக்கிறார். அவருடைய பின்னாள் வாழ்க்கையைப் படிக்கப் படிக்க எனக்கு இதுதான் திரும்பத் திரும்ப நினைவில் வருகிறது.

அவருக்கு 83 வயது வரை ஆயுள் இருந்தது. போர் அதில் நாலரை ஆண்டு. மீதி வாழ்நாளில் அவர் என்ன செய்தார் என்பதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

ஷாஃபர் பிறந்தது 1918 நவம்பர் 8. ஐந்து வயதில் குடும்பம் நகரத்தை விட்டு ஷைலோ பக்கத்துச் சிறு பண்ணைக்குக் குடிபோனது. பதின்ம வயதிலேயே தாயை இழந்தார். 1935-ல் பள்ளிப் படிப்பை முடித்தபோது நாடே பொருளாதாரப் பெருமந்தத்தில் கிடந்தது. அண்டைப் பண்ணைகளில் கூலி வேலை, குளிர்காலத்தில் கண்ணி வைத்துத் தோலுக்காக விலங்கு பிடிப்பது, பிறகு தச்சு வேலை. காட்டை அவர் ரசிக்கும் முன்பே அதில் பிழைத்திருக்கிறார். எந்த மரம் எப்போது துளிர்க்கும், எந்தத் தடம் எந்த விலங்கினுடையது என்பதெல்லாம் அவருக்கு வயிற்றுப்பாட்டு வழியாக வந்த அறிவு.

ஊர் திரும்பிய பிறகு இரண்டு மூன்று ஆண்டுகள் அவருக்கு எதிலும் கால் தரிக்கவில்லை. நண்பனின் சாவு உள்ளே கிடந்தது. இன்று இதற்கெல்லாம் மருத்துவத்தில் பெயர் இருக்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் அந்தப் பெயர் ஏறியதே 1980-ல்தான், வியட்நாம் போருக்குப் பிறகு. 1946-லும் 47-லும் திரும்பி வந்த லட்சக்கணக்கான பையன்களுக்கு 'போய் வேலையைப் பார், கல்யாணம் பண்ணிக்கொள், மறந்துவிடு' என்பதற்கு மேல் யாரும் எதுவும் சொல்லவில்லை. சொல்லத் தெரியவும் இல்லை.

1947-ல் ஒரு பத்திரிகையில் அப்பலாச்சியன் பாதையைப் பற்றி வந்திருந்த கட்டுரையைப் படித்தார். வால்ட்டரோடு பேசி வைத்தது நினைவுக்கு வந்தது. ராணுவத்தை உடம்பிலிருந்தும் மனதிலிருந்தும் நடந்தே வெளியேற்றிவிட வேண்டும் என்று தோன்றியதாகப் பிற்பாடு சொன்னார். தமிழில் 'ஆறு' என்றால் வழி. ஆற்றுப்படை என்ற பெயர் அதிலிருந்து வந்தது. புண் ஆறுவதும் மனம் ஆறுவதும் அதே ஒலியில் வரும் சொற்கள். ஷாஃபருக்கு இது தெரிந்திருக்க வழியில்லை. ஆனால் அவர் செய்தது அதுதான்.

பாதையும் போரிலிருந்து திரும்பியிருந்தது

அந்தப் பாதையின் கதையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். 1921-ல் பென்டன் மக்காய் என்ற வனவியலாளர் ஒரு கட்டிடக்கலை இதழில் கட்டுரை எழுதி முன்வைத்த யோசனை அது. நகரத்து ஆலைகளிலும் அலுவலகங்களிலும் நசுங்கிக் கிடப்பவர்கள் மூச்சு விட மலையுச்சி நெடுகிலும் ஒரு வழி. மைரன் ஏவரி என்ற வழக்கறிஞர் பிடிவாதமாக நின்று அதை வேலையாக மாற்றினார். அளவுச் சக்கரத்தைத் தள்ளிக்கொண்டே மலை மலையாக ஏறி இறங்கியவர் அவர். சம்பளம் வாங்காத ஆயிரக்கணக்கான மலையேற்ற மன்றத்தினர் சேர்ந்து வெட்டிய பாதை 1937-ல் முழுமையானது. ஜார்ஜியா மாநிலத்தில் தொடங்கி மெய்ன் மாநிலத்தின் கட்டாடின் சிகரத்தில் முடியும். 14 மாநிலங்கள். ஷாஃபர் காலத்தில் அதன் நீளம் சுமார் 2,050 மைல், அதாவது 3,300 கிலோமீட்டர். கன்னியாகுமரியிலிருந்து ஸ்ரீநகர் வரை சாலை போகும் தூரத்தைவிடக் கொஞ்சம்தான் குறைவு, அதுவும் முழுக்க மலை மேல்.

முடித்த மறு ஆண்டே, 1938-ல், பெரும் சூறாவளி ஒன்று வடகிழக்கு மாநிலங்களில் பாதையின் மேல் காட்டையே சாய்த்துப் போட்டது. அதைச் சரிசெய்வதற்குள் போர் வந்துவிட்டது. பாதையைச் செப்பனிட்டு வந்த இளைஞர்கள் எல்லாம் சீருடை போட்டுக்கொண்டு ஐரோப்பாவுக்கும் பசிபிக்குக்கும் போய்விட்டார்கள். மரத்துக்கு மரம் வழிகாட்டிய வெள்ளைப் பெயின்ட் பட்டைகள் மங்கின. முள்ளும் புதரும் மூடின. மரம் வெட்டும் நிறுவனங்கள் சில இடங்களில் குறியிட்ட மரங்களையே வெட்டிக்கொண்டு போயின. 1948-ல் அந்தப் பாதையின் பல பகுதிகள் வரைபடத்தில் மட்டும்தான் இருந்தன. போரிலிருந்து திரும்பிய ஒருவர், போரில் கைவிடப்பட்ட பாதையில் ஏறினார் என்பதை நான் ஒரு அலங்காரத்துக்காகச் சொல்லவில்லை. அன்றைய நிலைமை அப்படி.

அந்த வரைபடம்கூட ஷாஃபரிடம் இல்லை. கேட்டு எழுதியிருந்தார், புறப்படும் நாள் வரை வந்து சேரவில்லை. சாதாரணச் சாலை வரைபடமும் திசைகாட்டியும் எடுத்துக்கொண்டார். மலைப்படையினர் பயன்படுத்திய ராணுவ முதுகுப்பை, ராணுவச் சமையல் பாத்திரம், ஒரு ஜோடி பூட்ஸ். கூடாரம் வேண்டாம் என்று விட்டுவிட்டார். மழைக்கு ஒரு மேலங்கி போதும். 1948 ஏப்ரல் 4 அன்று, அப்போது பாதையின் தென்கோடியாக இருந்த ஓகில்தோர்ப் மலையிலிருந்து வடக்கே நடக்கத் தொடங்கினார். வயது 29.

இவ்வளவு நீளப் பாதையை ஒரே பயணத்தில் யாராலும் நடந்துவிட முடியாது என்பதுதான் அன்று பாதையைப் பராமரித்தவர்களின் எண்ணம். ஏவரிகூடப் பல ஆண்டுகளில் துண்டு துண்டாகத்தான் முடித்திருந்தார். இவரோ யாரிடமும் சவால் விடவில்லை, பத்திரிகைக்குச் சொல்லவில்லை. நியூயார்க் மாநிலம் வரை வந்த பிறகு பாதை நிர்வாகத்தினருக்கு ஓர் அஞ்சலட்டை போட்டார். அப்போதுதான் அவர்களுக்கே தெரிந்தது, ஜார்ஜியாவில் புறப்பட்ட ஒருவர் வந்துகொண்டிருக்கிறார் என்று.

வசந்தத்தோடு ஒரே வேகத்தில்

அந்த நடையில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் அவர் தேர்ந்துகொண்ட பருவம். ஏப்ரலில் தெற்கில் புறப்பட்டு வடக்கே போனால் வசந்தமும் கூடவே வரும். எட்வின் வே டீல் என்ற இயற்கை எழுத்தாளர் அமெரிக்க வசந்தம் நாளொன்றுக்குச் சுமார் 15 மைல் வேகத்தில் வடக்கே நகர்வதாக எழுதியிருக்கிறார். ஷாஃபரின் சராசரி, நாளுக்குப் பதினாறரை மைல். ஏறக்குறைய இளவேனிலின் நடை.

டீலின் பெயரை இங்கே கொண்டுவர வேறொரு காரணமும் இருக்கிறது. அவருடைய ஒரே மகன் 1945-ல் ஜெர்மனியில் போரில் இறந்தான். அந்தத் துயரத்தோடு டீலும் மனைவியும் 1947-ல் காரில் ஃப்ளோரிடாவில் தொடங்கி 17,000 மைல் வசந்தத்தின் பின்னாலேயே போனார்கள். அடுத்த ஆண்டு ஷாஃபர், காலால். மகனைப் பறிகொடுத்த பெற்றோரும் நண்பனைப் பறிகொடுத்த ரேடியோக்காரரும் ஒருவரை ஒருவர் அறியாமல் அடுத்தடுத்த ஆண்டுகளில் ஒரே மருந்தைத் தேடிப் போயிருக்கிறார்கள். நம் பழைய கவிதைகள் கையறு நிலை என்று ஒரு துறையே வைத்திருக்கின்றன, இழந்தவர் செய்வதறியாமல் நிற்கும் நிலை. இவர்கள் நிற்க முடியாமல் கிளம்பிவிட்டவர்கள்.

மலையில் வசந்தம் நேர்கோட்டில் வருவதில்லை. பள்ளத்தாக்கில் மரங்கள் பூத்துக் குலுங்கும். அதே நாளில் இரண்டாயிரம் அடி ஏறினால் கிளைகள் மொட்டையாக நிற்கும். கிரேட் ஸ்மோக்கி மலைகளில் பாதை 6,600 அடிக்கு மேல் போகிறது. அங்கே ஏப்ரலில் தளிரும் பூவும் அரிது. ஊசியிலை மரங்களும் மூடுபனியும்தான். இறங்கினால் மறுபடி பூ. ஒரே வாரத்தில் நாலைந்து முறை பனிக்காலத்துக்குள் போய் மீண்டு வர வேண்டியிருக்கும். பகலில் இப்படி. இரவானால் பக்கி இனத்துப் பறவை ஒன்று மூன்று அசைகளையே விடாமல் நூற்றுக்கணக்கான முறை கூவிக்கொண்டிருக்கும். வருஷக்கணக்கில் இரைச்சலுக்கு நடுவே சமிக்ஞையைப் பிரித்துக் கேட்டுப் பழகிய காதுக்கு அந்த இரவுகள் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

அவர் நடந்த காடு ஒரு பேரழிவையும் அப்போதுதான் கடந்திருந்தது. அப்பலாச்சியன் மலைகளில் ஒரு காலத்தில் அமெரிக்கச் செஸ்ட்நட் மரங்கள்தான் அரசர்கள். 1904-ல் நியூயார்க்கில் கண்டுபிடிக்கப்பட்ட ஒரு பூஞ்சை நோய் அரை நூற்றாண்டுக்குள் ஏறக்குறைய 400 கோடி மரங்களைக் கொன்றது. 1948-ல் நடந்தவர், பட்டுப்போய் வெளிறி நின்ற அந்த மரங்களின் நடுவேதான் போயிருக்க வேண்டும். அந்த நோய் வேரைக் கொல்வதில்லை. அடிக்கட்டையிலிருந்து இன்றும் துளிர் வருகிறது, ஆள் உயரத்துக்கும் மேலே வளர்கிறது, மறுபடி நோய் பிடித்துச் சாய்கிறது, மறுபடி துளிர்க்கிறது.

ஆகஸ்ட் 5. 124-வது நாள். 5,260 அடிக்கு மேல் உயர்ந்த கட்டாடின் உச்சியில் ஷாஃபர் நின்றார். இந்தப் பாதை முடியாமலே இருந்திருக்கக் கூடாதா என்று அந்த இடத்தில் ஏங்கியதாகப் பின்னர் எழுதினார். உச்சியைத் தொட்டவர்கள் வழக்கமாகச் சொல்லும் வார்த்தை அல்ல அது. அவர் எதையும் ஜெயிக்கப் போனவரில்லை என்பதற்கு எனக்கு வேறு சாட்சி வேண்டாம்.

பாதை நிர்வாகத்தினர் முதலில் நம்பவில்லை. அவர்களுடைய இதழின் ஆசிரியை ஜீன் ஸ்டீவன்சன் துருவித் துருவிக் கேட்டார். ஷாஃபர் கையில் வைத்திருந்த சின்ன நாட்குறிப்பையும் வழியில் எடுத்த வண்ண ஸ்லைடுகளையும் காட்டினார். முழுப் பாதையையும் ஒரே நடையாக முடித்த முதல் ஆள் என்று ஏற்றுக்கொண்டார்கள்.

இதை மறுத்தவர்களும் உண்டு. 1936-லேயே ஒரு சாரணர் குழு முடித்துவிட்டதாக ஒரு பேச்சு இருக்கிறது. 2011-ல் ஜிம் மக்நீலி என்ற மேற்கு வர்ஜீனியா வழக்கறிஞர் ஷாஃபரின் நாட்குறிப்பை வரி வரியாக ஆராய்ந்து, சுமார் 170 மைல் அவர் பாதையில் போகவில்லை, சில இடங்களில் சாலை வழியே சென்றிருக்கிறார், வண்டியிலும் ஏறியிருக்கிறார் என்று எழுதினார். மறைக்க வேண்டிய செய்தியாக எனக்கு இது படவில்லை. வழி தொலைந்த இடத்தில் சாலையைப் பிடித்ததையும் யாரோ வண்டியில் ஏற்றிக்கொண்டதையும் தன் கைப்பட எழுதி, கடைசி வரை கிழிக்காமல் வைத்திருந்தவரும் ஷாஃபர்தான். அந்த நாட்குறிப்பு இன்று வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது, யாரும் படிக்கலாம். 'முதல்' என்ற பட்டத்தை எடுத்துவிட்டாலும் அந்த 124 நாள் அப்படியே நிற்கிறது.

அதற்குப் பிறகு என்ன? பெரிய வேலை, பதவி எதுவும் இல்லை. திருமணம் செய்துகொள்ளவில்லை. பென்சில்வேனியாவின் ஐடாவில் பக்கத்தில் ஒரு பழைய பண்ணை வீட்டில் தனியாக வாழ்ந்தார். ஆடுகள், பூனைகள், தேன்கூடுகள். பழைய மரச்சாமான்களைச் சரிசெய்து விற்பார். கவிதை எழுதுவார். நடந்த கதையைப் புத்தகமாக எழுதி வைத்திருந்தார், பதிப்பாளர்கள் கிடைக்கவில்லை. 'வாக்கிங் வித் ஸ்பிரிங்' என்ற அந்த நூலைப் பாதை நிர்வாகமே வெளியிட்டபோது ஆண்டு 1983. முப்பத்தைந்து ஆண்டு காத்திருந்தார். அதற்கிடையில் பாதை நிர்வாகத்துக்குக் கடிதப் போக்குவரத்துச் செயலராக இருந்து, நடக்க விரும்பி எழுதியவர்களுக்குப் பதில் எழுதினார். தனக்கு வராமல் போன வரைபடக் கடிதம் அப்போதெல்லாம் நினைவில் இருந்திருக்காதா!

1949-ல் நேஷனல் ஜியாகிரஃபிக் இதழ் பாதையைப் பற்றிய கட்டுரையில் ஷாஃபரைக் குறிப்பிட்டது. ஒஹையோ மாநிலத்தில் அந்தக் கட்டுரையைப் படித்த எம்மா கேட்வுட் என்ற பெண்மணி, 11 பிள்ளைகளைப் பெற்று வளர்த்தவர், 1955-ல் தன் 67-வது வயதில் துணிக் காலணியோடும் தோளில் ஒரு துணி மூட்டையோடும் தனியாக நடந்து முடித்தார். 'பாட்டி கேட்வுட்' என்று நாடே அழைத்தது. ஷாஃபர் யாரையும் அழைக்கவில்லை. நடந்தார், அவ்வளவுதான், வழி திறந்துகொண்டது.

1965-ல் மறுபடி புறப்பட்டார். இந்த முறை வடக்கிலிருந்து தெற்கே, 99 நாளில். இரு திசையிலும் நடந்து முடித்த முதல் மனிதர் ஆனார்.

அவர் கட்டிய ஒரு சிறு குடிலையும் சொல்ல வேண்டும். பென்சில்வேனியாவில் பீட்டர்ஸ் மலை மேல், பாதையோரமாக, நடப்பவர்கள் இரவு தங்கும் மரக்கட்டைக் குடில். மூன்று பக்கம் சுவர், ஒரு பக்கம் திறந்திருக்கும். நம் ஊர்ச் சாலையோரங்களில் சுமைதாங்கிக் கற்கள் பார்த்திருப்பீர்கள். வயிற்றுச் சுமையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக, வழிப்போக்கர்கள் தலைச்சுமையை இறக்கி வைக்க நடப்பட்டவை. இறந்தவருக்காக எழுப்பி, நடப்பவருக்குப் பயன்படுகிற கல். பீட்டர்ஸ் மலைக் குடிலின் புகைப்படத்தைப் பார்த்தபோது எனக்கு அந்தக் கற்கள்தான் நினைவுக்கு வந்தன.

எழுபத்தொன்பதில்

1998 மே 2. முதல் நடையின் பொன்விழா ஆண்டு. பாதையின் தென்கோடி 1958-லேயே ஓகில்தோர்ப்பிலிருந்து ஸ்பிரிங்கர் மலைக்கு மாற்றப்பட்டிருந்தது. அங்கே 79 வயதுக் கிழவர் ஒருவர், வெயில் தொப்பி வைத்துக்கொண்டு, பழைய பாணி முதுகுப்பையோடு நின்றார். சுற்றிலும் நவீன உடை, இறகு போல் எடை குறைந்த சாமான்களோடு இருபது வயதுக்காரர்கள்.

இம்முறை நடை அவருக்குச் சுலபமாக இல்லை. ஐம்பது ஆண்டில் பாதையே மாறிவிட்டது. சாலைகளையும் ஊர்களையும் விட்டு விலக்கி, பாறையும் செங்குத்துமான முகடுகளுக்கு அதை ஏற்றியிருந்தார்கள். நீளமும் 2,160 மைல் ஆகியிருந்தது. இது தேவையில்லாத கடினம் என்று அவர் வெளிப்படையாகவே குறைபட்டுக்கொண்டார். பழைய பாதை பண்ணைகளை ஒட்டிப் போகும். குடியானவர்கள் கூப்பிட்டுப் பேசுவார்கள், சாப்பாடு போடுவார்கள். அவரது முதல் பயணத்தின் அருமையே அதில் பாதி. அதிகம் பேசாத மனிதர், மனிதர்களே எதிர்ப்படாத பாதையை விரும்பவில்லை என்பது முதலில் எனக்கு வியப்பாக இருந்தது. யோசித்தால் புரிகிறது. மௌனமாக இருப்பவர்களுக்குத் தனிமைதான் வேண்டும் என்று நாமாக முடிவுகட்டிவிடுகிறோம்.

173 நாள் எடுத்தது. வழியில் ஏறும்போதே வசந்தம் அவரை முந்திக்கொண்டு போய்விட்டது, கோடையும் போனது, இலையுதிர்காலமும் முடியும் நேரத்தில், அக்டோபர் 21 அன்று, கட்டாடினை அடைந்தார். எண்பதாவது பிறந்தநாளுக்கு மூன்று வாரம் கூட இல்லை. அன்றைய தேதிக்கு அந்தப் பாதையை ஒரே நடையாக முடித்தவர்களில் மூத்தவர் அவர்தான். வால்ட்டர் போய் 53 ஆண்டுகள் ஆகியிருந்தன.

2002 மே 5 அன்று கல்லீரல் புற்றுநோயால் ஷாஃபர் இறந்தார்.

அவர் போன பத்தாவது ஆண்டில், இராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் பணியாற்றித் திரும்பிய ஷான் கோபின் என்ற மரீன் அதிகாரி அதே பாதையில் நடந்தார். நடந்து முடித்ததும், தன்னைப் போலத் திரும்பி வந்தவர்களை நெடும்பாதைகளுக்கு அனுப்பி வைக்கும் அமைப்பைத் தொடங்கினார். ஷாஃபர் 1948-ல் எதற்காக நடந்தார் என்பதுதான் அதன் அடிப்படை. இப்போது முன்னாள் வீரர்கள் மாதக்கணக்கில் நடக்கிறார்கள். வழியில் சிற்றூர்களில் யாரோ சோறு போடுகிறார்கள், யாரோ படுக்க இடம் தருகிறார்கள்.

ஆண்டுதோறும் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் முழுப் பாதையையும் நடக்கும் எண்ணத்தோடு புறப்படுகிறார்கள். நாலில் ஒருவர்தான் முடிக்கிறார். ஏறக்குறைய நடுவழியில், பென்சில்வேனியாவின் பைன் குரோவ் ஃபர்னஸ் பூங்காவில், பழைய மாவு ஆலைக் கட்டிடம் ஒன்று 2010-லிருந்து பாதையின் அருங்காட்சியகமாக இருக்கிறது. பீட்டர்ஸ் மலைக் குடிலைக் கட்டை கட்டையாகப் பிரித்து எடுத்துவந்து அதற்குள் மறுபடி நிறுத்தியிருக்கிறார்கள். ஆயிரத்து நூறு மைல் நடந்து வருகிறவர்கள் முதுகுப்பையைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு அதன் முன்னால் நின்று பார்த்துவிட்டுப் போகிறார்கள்.